பத்தொன்பதாவது வரி

624 ரூபாய். 2024 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களுக்கும் சேர்த்து என் பெயரில் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக, வருமான வரித்துறையின் வரி வரவுப் பட்டியலான 26ஏஎஸ் படிவம் காட்டிய வரி அவ்வளவுதான். அதே மூன்று மாதங்களில் என் சம்பளத்திலிருந்து பிடித்தது மாதம் 3,571 ரூபாய் வீதம் 10,713 ரூபாய்.

அன்று ஆனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் எங்கள் வேலந்தாவளத்தில் ஒரு நிமிடம்கூட ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் பன்னிரண்டு சம்பளச் சீட்டுகளையும் வரிசையாகப் பரப்பி, பறக்காமல் இருக்க அம்மாவின் வெற்றிலை உரலை மேலே வைத்திருந்தேன். கைப்பேசியில் இருந்த எண்ணையும் தாளில் இருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன். முதல் ஒன்பது மாதங்கள் ரூபாய் பிசகாமல் பொருந்தின. கடைசி மூன்று மாதங்களில் வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கை என் பெயரில் எழுதப்பட்டிருந்தது. வரி மட்டும் அல்ல, சம்பளமே மாறியிருந்தது. என் மாதச் சம்பளம் 76,000 ரூபாய். அங்கே இருந்ததோ 62,700 ரூபாய்.

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மேனோன்பாறை வழியாக ஸ்கூட்டரில் தினமும் போய் வருகிறேன். வீட்டில் தமிழ், கம்பெனியில் மலையாளம், சம்பளம் பற்றி வரும் மின்னஞ்சல் எல்லாம் ஆங்கிலம். எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு இது மூச்சு விடுவதுபோல் பழகிப்போன ஒன்று. ஆனால் பணத்தைப் பற்றிய சந்தேகத்தை மூன்றாவது மொழியில் கேட்க வேண்டி வரும்போது எங்களில் பலர் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். எட்டு மாதம் இதற்குள் அலைந்த பிறகு, நடந்ததையெல்லாம் முழுவதுமாகத் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

கம்பெனி இரண்டு பிழைகள் செய்திருந்தது. முதல் பிழையை நானே சரிசெய்துகொண்டேன். இரண்டாவதைக் கம்பெனி மட்டுமே சரிசெய்ய முடியும். இந்த வித்தியாசம் புரிவதற்குள் எனக்கே பத்து நாள் ஆயிற்று.

முதல் பிழை இது. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரித் திட்டம்தான் இயல்பானது. வீட்டுக் கடன், சேமிப்பு போன்ற கழிவுகளைக் கோர உதவும் பழைய திட்டம் வேண்டுமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். ஊழியர் ஒவ்வொருவரிடமும் எந்தத் திட்டம் என்று நிறுவனம் கேட்க வேண்டும், பதில் சொல்லாதவர்களுக்குப் புதிய திட்டப்படி பிடிக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஏப்ரல் 5 அன்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. நான் பதில் சொன்னேன். வீட்டுக் கடன் வட்டி 1,48,000 ரூபாய், வருங்கால வைப்பு நிதியும் கடன் அசலும் எல்.ஐ.சி.யும் சேர்ந்து 80சி பிரிவில் 1,50,000 ரூபாய், மருத்துவக் காப்பீடு 22,000 ரூபாய் என்று எழுதி, பழைய திட்டம் என்று கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாள் எச்.ஆர். மேசையைத் தாண்டவில்லை. பன்னிரண்டு மாதமும் புதிய திட்டப்படியே பிடித்தார்கள்.

என் ஆண்டுச் சம்பளம் 9,12,000 ரூபாய். புதிய திட்டத்தில் நிலையான கழிவு 50,000 ரூபாய் போக 8,62,000 ரூபாய்க்கு, 4 சதவீத செஸ் சேர்த்து, வரி 42,848 ரூபாய். பழைய திட்டத்தில் நான் எழுதிக் கொடுத்த கழிவுகளும், கேரளத்தில் ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் பிடிக்கிற தொழில் வரி 2,500 ரூபாயும் போனால் 5,39,500 ரூபாய்க்கு வரி 21,216 ரூபாய். ஏறத்தாழச் சரிபாதி.

இதற்காக யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. தொழில், வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர், கம்பெனி எந்தத் திட்டத்தில் பிடித்திருந்தாலும், கணக்குத் தாக்கல் செய்யும்போது பழைய திட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கம்பெனி தரும் வரிச் சான்றிதழான படிவம் 16-இல் புதிய திட்டம் என்று அச்சாகியிருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு நிபந்தனை: கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். அந்த ஆண்டு அது ஜூலை 31. ஒரு நாள் தவறினாலும் பழைய திட்டம் கைவிட்டுப் போய்விடும். எங்கள் கம்பெனியிலேயே இரண்டு பேர், “படிவத்தைத் திருத்தித் தரட்டும், பிறகு தாக்கல் செய்கிறோம்” என்று காத்திருந்து ஆகஸ்டில்தான் தாக்கல் செய்தார்கள். அவர்களுக்குப் பழைய திட்டம் கிடைக்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. ஜூலையிலேயே நான் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி இரண்டாவது பிழைக்கு, அந்த 624 ரூபாய்க்கு வருகிறேன்.

அந்த ஆண்டுக்குப் பொருந்திய 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், சம்பளத்தில் வரி பிடிப்பது 192-ஆம் பிரிவின்படி. ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு, வரியைக் கணக்கிட்டு, மாதாமாதம் பங்கிட்டுப் பிடிக்க வேண்டும். பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சலான் மூலம் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. இதில் பலருக்கும் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. சலானில் நம் பெயர் இருக்காது. எல்லோருடைய வரியும் ஒரே தொகையாகப் போகும். அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24கியூ என்ற அறிக்கையில் பான் எண் வாரியாகக் கம்பெனி தனியாகத் தெரிவிக்கும். பணம் ஒரு வழியில் போகிறது, பெயர் இன்னொரு வழியில் போகிறது. இரண்டும் சேரும் இடம் நம் 26ஏஎஸ். பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, பெயர் மட்டும் வழி தவறிவிட்டால் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு குறையும் தெரியாது.

எங்களுக்கு நடந்தது அதுதான். ஜனவரியில் கம்பெனி சம்பளப் பட்டியல் போடும் வேலையைக் கொச்சியில் உள்ள ஒரு வெளி நிறுவனத்துக்கு மாற்றியது. மாற்றினார்கள் என்பதே எங்களுக்குச் சம்பளச் சீட்டின் நிறம் மாறியதைப் பார்த்துத்தான் தெரியும். ஜூன் மாதக் கடைசியில் கைக்கு வந்த படிவம் 16-இல், பகுதி ஏ என் வரி 32,763 ரூபாய் என்றது. பகுதி பி-யோ முழு ஆண்டுச் சம்பளத்தையும் சரியாகக் காட்டியது. ஒரே படிவத்தின் இரண்டு பாதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

திங்கட்கிழமை காலை இதை யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டு ஸ்கூட்டரை நிறுத்தும்போது, ஸ்டோரில் வேலை செய்யும் அண்ணன் எதிரே வந்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது அவருக்கு. ஒழலப்பதிப் பக்கம் ஊர்.

“அம்மிணி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அக்ஷயாவில் இருக்கும் பையன் எனக்குப் பத்தாயிரத்து எழுநூறு ரூபாய் அரசாங்கத்திலிருந்து திரும்ப வரும் என்கிறான். எனக்குத்தான் வரியே பிடிப்பதில்லையே. எங்கிருந்து வரும்?”

அவர் மடித்து வைத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் அச்சடித்துக் கொடுத்த அவருடைய 26ஏஎஸ். ஜனவரி 3,571. பிப்ரவரி 3,571. மார்ச் 3,571.

என் கை சில்லிட்டுப் போயிற்று. “அண்ணா, இது என் பணம்” என்றேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அப்படியென்றால் நான் தாக்கல் செய்யவில்லை. உன் பணத்தை வாங்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?” என்றார். அந்தச் சொல்லுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தியிருந்தால் பணம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போயிருக்கும், அவருக்கும் சிக்கல் வந்திருக்கும்.

மதியம் கேன்டீனில் எட்டுப் பேர் உட்கார்ந்தோம். பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகளைப் பதியும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘பிடித்தது’, மறுபக்கம் ‘வந்தது’ என்று எழுதினேன். பெயர்களை வருகைப் பட்டியலில் இருக்கும் வரிசையிலேயே எழுதினேன், ஆங்கில அகரவரிசை. எழுதி முடிப்பதற்கு முன்பே விஷயம் விளங்கிவிட்டது. எனக்கு வந்திருந்த 624 ரூபாய், பட்டியலில் எனக்கு மேலே இருக்கும் டெக்னீஷியனுக்கு மாதம் 208 வீதம் மூன்று மாதம் பிடித்தது. என்னுடையது எனக்குக் கீழே இருக்கும் ஸ்டோர் அண்ணனுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொருவருடைய வரியும் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரையிலான எழுத்துகளில் பெயர் தொடங்குபவர்கள் இரண்டு பேர் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பைசாகூடப் பிசகவில்லை.

தரப் பரிசோதனையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். ஒரு மாதிரி தவறினால் அது அந்த மாதிரியின் குறையாக இருக்கலாம். வரிசையாக எல்லாம் ஒரே அளவு விலகினால் கருவியில்தான் குறை.

எச்.ஆர். அலுவலகத்தில் நோட்டைக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். கொச்சிக்குப் போன் போட்டார்கள். பதில் உடனே வந்தது: நான்காம் காலாண்டுச் சலான் தொகையும் 24கியூ மொத்தமும் ரூபாய் பிசகாமல் பொருந்துகின்றன, 58 ஊழியர்கள், 58 பான் எண்கள், எல்லாம் செல்லுபடியாகும் எண்கள், பிழை எதுவும் இல்லை. “இப்போதைக்கு உங்களுக்குக் குறைவதைக் கட்டித் தாக்கல் செய்துவிடுங்கள், பிறகு நாங்கள் சரியாக்காம்” என்றார் அலுவலர். சரியாக்காம், அதாவது சரிசெய்துவிடலாம், என்ற மலையாளச் சொல்லைப் பதினாறு ஆண்டுகளாகக் கேட்கிறேன். பல சமயம் சரியாக்கியும் இருக்கிறார்கள். ஆனால் இந்த முறை எனக்கு அப்பாவின் நினைவு வந்தது.

அப்பா கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு ஆண்டு வேலை செய்தார். ஆலை மூடியபோது, கடைசி ஐந்து ஆண்டு வைப்பு நிதிப் பணம் கணக்கில் ஏறவே இல்லை என்று தெரிந்தது. சம்பளத்தில் பிடித்ததற்குச் சான்று கேட்டார்கள். சம்பளச் சீட்டுகளை நாங்கள் அடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்திவிட்டிருந்தோம். மெல்லிய தாள், சட்டென்று பற்றிக்கொள்ளும். காலையில் அம்மா என்னிடம்தான் எடுத்து வரச் சொல்வாள். ஆணியில் குத்தி வைத்திருந்த கட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தவள் நான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து என் சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் அச்சடித்து, துளையிட்டு, கயிற்றில் கோத்து வைத்திருக்கிறேன். ஜனவரியில் வெளி நிறுவனம் வந்ததும் பழைய சம்பள இணையப் பக்கம் மூடப்பட்டுவிட்டது. கைப்பேசிச் செயலியில் புதிய சீட்டுகள் மட்டுமே இருந்தன. ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான சீட்டு வேண்டும் என்று என்னைத் தேடி வந்தவர்களுக்கு என்னிடம் இருந்தவை என்னுடையவை மட்டும். அவர்களுக்கு வங்கிக் கணக்கு அறிக்கைதான் கைகொடுத்தது.

அந்தச் சனிக்கிழமை குனியமுத்தூரில் இருக்கும் ஆடிட்டரைப் பார்க்கப் போனேன். அவர் என் தாள்களைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: “பிடித்தார்களா, பிடிக்கவே இல்லையா?” எல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

கம்பெனி வரியைப் பிடிக்காமலே விட்டிருந்தால், அல்லது குறைவாகப் பிடித்திருந்தால், அந்தப் பணம் நம் கையில்தான் இருக்கிறது. பிழை அவர்களுடையது ஆனாலும் வரி நம்முடையது. தாக்கல் செய்வதற்கு முன் வட்டியோடு கட்டியே ஆக வேண்டும். எங்கள் கம்பெனியில் ஜனவரியில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு அதுதான் ஆயிற்று. ஒன்பது மாதம் வேறு இடத்தில் 60,000 ரூபாய் சம்பளம். அங்கே ஆண்டுக்கு 7,20,000 என்று மதிப்பிட்டு, கழிவும் தள்ளுபடியும் போக வரி இல்லை என்று விட்டுவிட்டார்கள். இங்கே மூன்று மாதம் 80,000 வீதம் 2,40,000. இதற்கும் வரி இல்லை. முந்தைய சம்பள விவரத்தைப் புதிய இடத்தில் தெரிவிக்கும் படிவம் 12பி என்ற ஒன்று இருப்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டையும் கூட்டினால் 7,80,000. கழிவு போக 7,30,000-க்கு வரி 29,120 ரூபாய். முன்கூட்டியே வரி கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளின்படி வட்டி மட்டும் இரண்டாயிரத்து அறுநூறைத் தாண்டியது. தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்துவைத்ததிலிருந்து எடுத்துக் கட்டினான்.

பிடித்த வரியின் கதை வேறு. ஆடிட்டர் 205-ஆம் பிரிவைத் திறந்து காட்டினார். சம்பளத்திலிருந்து வரி பிடிக்கப்பட்டிருந்தால், பிடிக்கப்பட்ட அளவுக்கு, அதைக் கட்டும்படி சம்பளம் வாங்கியவரைக் கேட்கக் கூடாது. பிடித்த பணத்தை நிறுவனம் அரசாங்கத்துக்குக் கட்டாமலே ஏமாற்றியிருந்தாலும் இதுதான் சட்டம். மும்பை உயர் நீதிமன்றம் 2007-இல் அப்படித் தீர்ப்புச் சொன்னது: அரசாங்கம் நிறுவனத்திடம்தான் வசூலிக்க வேண்டும், ஊழியரிடம் அல்ல. குஜராத் உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு விமானியின் வழக்கில் அதையே சொன்னது. நேரடி வரிகள் வாரியமும் இப்படிப்பட்ட நிலுவைக்காக ஊழியர்களை நெருக்கக் கூடாது என்று 2015 ஜூன் 1 அன்று அதிகாரிகளுக்கு எழுதி, 2016 மார்ச்சில் மறுபடியும் நினைவூட்டியிருக்கிறது.

“ஆனால் பெங்களூரில் கணக்கைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர் 205-ஆம் பிரிவைப் படிக்காது அம்மா, 26ஏஎஸ்-ஐத்தான் படிக்கும். உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காமல் தாக்கல் செய்யுங்கள். 26ஏஎஸ்-ஐத் திருத்துவதற்குக் கம்பெனியை விடாமல் பிடியுங்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்” என்றார்.

ஜூலை 24-ஆம் தேதி சகஜ் என்ற ஐடிஆர்-1 படிவத்தில் தாக்கல் செய்தேன். இணையத்தில் முன்கூட்டியே நிரப்பப்பட்டு வந்த வரி 32,763 ரூபாய். அதை அழித்து, சம்பளச் சீட்டுகளின்படி பிடித்த முழுத் தொகையான 42,852 ரூபாய் என்று எழுதினேன். சம்பளத்தையும் முன்நிரப்பி வந்தபடி விடாமல் என் உண்மையான 9,12,000 என்றே போட்டேன். திரும்ப வர வேண்டியது 21,640 ரூபாய். அன்றிரவே ஆதார் ஓ.டி.பி. கொண்டு உறுதிசெய்தேன். முப்பது நாளைத் தாண்டி உறுதிசெய்தால் அந்த நாள்தான் தாக்கல் செய்த நாளாகும், உறுதிசெய்யாமலே விட்டால் தாக்கல் செய்ததாகவே ஆகாது.

அதற்கு முன்பே கம்பெனிக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு வேலை செய்தது அந்தக் கடிதம்தான். எச்.ஆர். அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னதற்கு வாய்மொழியாகவே பதில் கிடைத்தது. கடிதத்தில் குறை சொல்லும் சொல் ஒன்றுகூட வைக்கவில்லை. ஒரே பக்கம். மேலே என் பெயர், ஊழியர் எண், பான் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகள். நடுவே ஒரு சிறிய அட்டவணை: மாதம், சீட்டின்படி பிடித்தது, 26ஏஎஸ்-இல் வந்தது, வித்தியாசம். கீழே இரண்டு வேண்டுகோள்: நான்காம் காலாண்டு 24கியூ அறிக்கைக்குத் திருத்த அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், அதன் பிறகு திருத்திய படிவம் 16 தர வேண்டும். இணைப்பாக மூன்று சம்பளச் சீட்டுகளும், சம்பளம் வரவான வங்கி அறிக்கையும், 26ஏஎஸ்-உம். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். முத்திரை குத்தத் தயங்கினார்கள். நான் கவுன்ட்டரிலேயே நின்றேன். கோபமாகப் பேசவில்லை. மதியம் சாப்பாட்டு நேரம் முடியும் வரை நின்றேன், குத்திக் கொடுத்தார்கள். அடுத்த வாரத்துக்குள் அதே மாதிரிக் கடிதம் பதினேழு பேரிடமிருந்து போயிற்று. மலையாளத்தில் எழுத விரும்பியவர்களுக்கு, நாங்கள் சேச்சி, அதாவது அக்கா, என்று அழைக்கும் ஒருவர் எழுதிக் கொடுத்தார்.

சேச்சி பரிசோதனைக் கூடத்தில் என் எதிர் மேசை. எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தவருக்கே செப்டம்பரில் அடி விழுந்தது. அவர் புதிய திட்டத்தில் இருப்பவர், அவருக்கு ரீஃபண்ட் எதுவும் இல்லை. கணக்கைச் சரிபார்த்த பிறகு வரித்துறையிடமிருந்து 143(1) பிரிவின் கீழ் வந்த அறிவிப்பு, பன்னிரண்டாயிரத்தை ஒட்டிய தொகையை முப்பது நாளுக்குள் கட்டச் சொன்னது. மூன்று மாதமாகச் சம்பளத்தில் பிடித்துவிட்ட அதே வரி, அதன்மேல் வட்டி வேறு. ‘நிலுவைக் கோரிக்கை’ என்ற சொல்லைப் பார்த்ததும் சேச்சி பயந்துவிட்டார். வீட்டில் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் வங்கிச் செயலியிலிருந்து கட்டிவிட்டு, மறுநாள் தேநீர் இடைவேளையில்தான் மெல்லச் சொன்னார்.

வரித்துறை இணையத்தில் அந்தக் கோரிக்கைக்கு நேரே ‘ஏற்கவில்லை’ என்று பதில் போட இடம் இருக்கிறது. வரி பிடிக்கப்பட்டிருக்கிறது, கம்பெனி திருத்த அறிக்கை தர வேண்டியிருக்கிறது என்று காரணம் எழுதி, சம்பளச் சீட்டுகளை இணைக்கலாம். பதில் போடாமல் இருப்பதுதான் ஆபத்து. அடுத்த ஆண்டு ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். கட்டிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாம் கட்டிய நிமிடத்தில் கம்பெனிக்கு அவசரம் போய்விடுகிறது. ஒரே வரியை இரண்டு முறை கட்டியவராக நாம் நிற்போம், அதைத் திரும்ப வாங்க ஓடுகிற ஓட்டமும் நம்முடையதாகிவிடும்.

எனக்கும் செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. பழைய திட்டத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். வரி வரவை மட்டும் 32,763 ரூபாய் என்று குறைத்து, 11,550 ரூபாய் ரீஃபண்ட் தந்தார்கள். மீதி 10,090 ரூபாய் ஸ்டோர் அண்ணன் பெயரில் தூங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபரில், பதினேழு கடிதங்களுக்குப் பிறகு, கொச்சியிலிருந்து ஒரு பெண் மடிக்கணினியோடு கஞ்சிக்கோட்டுக்கு வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். ஜனவரியில் அந்த வேலையைச் செய்தவர் அவர் அல்ல; அப்போது இருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு ஷீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். ஒன்றில் பெயர், சம்பளம், வரி. மற்றொன்றில் பான் எண்கள். பதினெட்டாவது வரி வரை இரண்டும் ஒன்றாக நடந்தன. பத்தொன்பதாவது வரியில், பெயர் இருந்த ஷீட்டில், அந்தப் புதிய தம்பியின் பெயர் அகரவரிசைப்படி நடுவில் செருகப்பட்டிருந்தது. பான் எண் இருந்த ஷீட்டில் அவனுடைய எண் கடைசியில், 58-ஆவது இடத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. அங்கிருந்து கீழே நாற்பது பேருக்கும் பெயர் ஒருவருடையது, எண் அடுத்தவருடையது.

அந்தப் பெண் விரலைத் திரையில் வைத்து 19, 20, 21 என்று மெதுவாக இறங்கினார். என் பெயர் இருந்த வரிக்கு வந்ததும் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, “நீங்கள் சொன்னது சரிதான் சேச்சி” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. தான் செய்யாத பிழைக்கு நாற்பது பேர் முன்னால் பதில் சொல்ல வந்த பெண். நான் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

நவம்பரில் திருத்த அறிக்கை போயிற்று. பத்து நாளில் என் 26ஏஎஸ் முழுதாயிற்று: ஜனவரி 3,571, பிப்ரவரி 3,571, மார்ச் 3,571. ஆனால் 26ஏஎஸ் திருந்திவிட்டால் ரீஃபண்ட் தானாக வந்துவிடாது, நாம்தான் மறுபடி கேட்க வேண்டும். 154-ஆம் பிரிவின் கீழ் திருத்தம் கோரி, கணக்கை மறுபரிசீலனை செய்யச் சொல்லி இணையத்திலேயே விண்ணப்பித்தேன். படிவத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை; நான் ஜூலையில் எழுதியதுதான் சரியாக இருந்ததே. முன்நிரப்பி வந்த தொகையை அப்படியே ஏற்றுத் தாக்கல் செய்த சிலர், டிசம்பர் 31-க்குள் திருத்திய கணக்கு வேறு தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. மீதித் தொகை பொங்கல் முடிந்த வாரத்தில் வங்கிக்கு வந்தது, மாதம் அரை சதவீத வட்டியோடு. அந்த வட்டி அடுத்த கணக்கில் வருமானமாகக் காட்ட வேண்டியது. காட்டுவேன்.

ஸ்டோர் அண்ணன் திருத்திய 26ஏஎஸ்-ஐ அக்ஷயாவில் மறுபடி அச்சடித்து வந்து என் மேசையில் வைத்தார். மூன்று மாதத்துக்கும் வரி பூஜ்யம். “இப்போது சரி” என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சேச்சியின் பணம் இன்னும் வரவில்லை. டிசம்பரில் அவர் போட்ட திருத்த விண்ணப்பத்தில் தவறான காரணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டதால் பழைய கோரிக்கையையே சரி என்று பதில் அனுப்பிவிட்டார்கள். திருத்தம் கேட்க நான்கு ஆண்டு வரை நேரம் இருக்கிறது என்று சொல்லி அவரைத் தேற்றியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருகிறார். கட்டிய சலான், சம்பளச் சீட்டு, அறிவிப்பு மூன்றையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.